கார் பெயின்ற் எப்படிப் பளபளக்கிறது? பொலிஷுக்கு முன் விளங்கிக்கொள்ள வேண்டியவை

கொழும்பில் கார் வைத்திருப்பவர்கள் மூன்று பேர் கூடினால் பேச்சு எப்படியும் பொலிஷ் பக்கம் திரும்பிவிடும். ஒருவர் வக்ஸ் என்பார், அடுத்தவர் கட் அன்ட் பொலிஷ் என்பார், மூன்றாமவர் செரமிக் கோட்டிங் என்பார். மூவரும் ஒரே வேலையைத்தான் வேறு வேறு பெயரில் சொல்வதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். இவற்றில் ஒன்று காரின் மேல் இருப்பதைச் சுரண்டி எடுக்கிறது. மற்ற இரண்டும் மேலே எதையோ பூசுகின்றன. சுரண்டுவதையும் பூசுவதையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் நட்டம் காருக்குத்தான்.

என் அத்தானின் கறுப்புக் காருக்கு அதுதான் நடந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு சேர்விஸ் நிலையத்தில் கட் அன்ட் பொலிஷ் போடுவிப்பார். ஒவ்வொரு முறையும் கார் புதுசு போலத் திரும்பி வரும். அவருக்கும் மனம் நிறையும். ஆறாவது வருடத்தில் கூரையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு வெள்ளையாக ஒரு தேமல் தெரிந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது விரித்த கையளவுக்குப் படர்ந்து, நகம் பட்டாலே வெயிலில் கருகிய தோல் மாதிரி உரிந்து வந்தது. "சும்மா விட்டிருந்தாலும் இதைவிட நல்லா இருந்திருக்கும்" என்றார் அத்தான். அவர் சொன்னது முழுக்கச் சரி. ஏன் சரி என்பதை விளங்கப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனைக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருக்கிற காரைப் பேணித்தான் ஓடினோம். இன்றைய விலையில் பலருக்கு இனியும் அதுதான் வழி. பழைய காரின் முதல் பெயின்ற் என்பது மறுபடி கிடைக்காத சொத்து.

பேரை வாவியும் கறுப்புக் கல்லும்

விடிய ஆறு மணிக்குக் கங்காராமைப் பக்கம் போனால் பேரை வாவியில், தண்ணீருக்கு மேல் நிற்கும் சீம மாலக்கம் என்ற பௌத்த மண்டபத்தின் நீலக் கூரை தலைகீழாக அப்படியே தெரியும். ஒன்பது மணிக்குக் காற்று எழும்பியதும் அந்தப் பிம்பம் துண்டு துண்டாகி, கடைசியில் வெறும் மினுமினுப்பாகிவிடும். தண்ணீர் அதே தண்ணீர்தான். அதன் மேல் யாரும் எதையும் பூசவுமில்லை, கழுவி எடுக்கவுமில்லை. மேற்பரப்பு மட்டமாக இருந்தபோது வெளிச்சம் ஒரே திசையில் திரும்பியது, நெளிந்தபோது நாலா பக்கமும் சிதறியது. அவ்வளவுதான்.

பளபளப்பு என்பது இதுவே. மட்டமான மேற்பரப்பில் இருந்து வெளிச்சம் ஒழுங்காகத் திரும்பி வருவது.

பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாக விளங்கும். பாதித் தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தி அழுத்தித் தேய்த்த தரையில் யன்னல் கம்பி கூடத் தெரியும். அதே சீமெந்தைத் தேய்க்காமல் விட்ட பின்வாசலில் ஒன்றும் தெரியாது.

ஆனால் கார்ப் பிரியர்கள் தேடுவது வெறும் பளபளப்பை மட்டும் அல்ல. நிறம் உள்ளே இறங்கிக் கிடப்பது போல ஓர் ஆழம் வேண்டும் என்பார்கள். அதை ஒரு கறுப்புக் கல் காட்டித் தரும். காய்ந்த கல் சாம்பல் நிறமாக இருக்கும். ஒரு கை தண்ணீர் தெளித்தால் மையாகக் கறுக்கும். கல்லின் மேலிருக்கும் நுண்ணிய குழிகள் வெள்ளை வெளிச்சத்தைச் சிதறடித்து, உண்மையான கறுப்பின் மேல் ஒரு மெல்லிய வெண்திரை போட்டிருந்தன. தண்ணீர் அந்தக் குழிகளை நிரவியதும் திரை விலகிவிட்டது. ஆக, ஆழம் என்பது குறுக்கே வரும் சிதறல் வெளிச்சம் குறைந்து, நிறம் தன் முழு வீச்சில் கண்ணுக்கு வருவது.

உங்கள் கார் மழையில் நனைந்திருக்கும்போது புதுசு போலவும், காய்ந்ததும் வெளிறியும் தெரிகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் நிறம் மங்கவில்லை. மேல்தோல்தான் கீறிக் கிடக்கிறது. இது நல்ல செய்தி.

இதுவரை பார்த்ததன் சாரம்: மட்டம் இருந்தால் பளபளப்பு, சிதறல் குறைந்தால் ஆழம். இரண்டுக்கும் அடிப்படை மேற்பரப்புத்தான்.

ஒரு தாளின் தடிப்புக்குள் எல்லாம்

கார்த் தகரத்தின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு இருக்கிறது. அதற்கு மேல் நிறம். நிறத்துக்கு மேல் கண்ணாடி போன்ற நிறமற்ற ஒரு படை. பெயின்ற் அடிப்பவர்கள் இதைக் கிளியர் என்பார்கள். நாம் தொடுவதும் துடைப்பதும் கீறுவதும் கிளியரைத்தான். கீழே இருக்கும் நிறத்தை நம் விரல் ஒருபோதும் தொடுவதில்லை.

இதன் தடிப்பை அளக்கும் அலகு மைக்ரோன். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. போட்டோக்கொப்பி எடுக்கும் சாதாரணத் தாள் ஒன்றைக் கையில் எடுத்து விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். அது ஏறத்தாழ 100 மைக்ரோன். தொழிற்சாலையில் அடித்த பெயின்ற் எல்லாப் படையும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன். அதில் கிளியரின் பங்கு 35 முதல் 50 வரை. அதாவது நீங்கள் பிடித்திருக்கும் தாளின் பாதித் தடிப்பு.

அந்தப் பாதித் தாளுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களைக் கீழே விடாமல் உறிஞ்சும் பொருட்களைக் கிளியருக்குள் கலந்திருப்பார்கள். கிளியர் மெலிந்தால் கதிர்கள் நிறப் படைவரை இறங்கும். இரண்டு படைகளுக்கும் இடையிலான பிடிப்புத் தளரும். பிறகு உரியும். வெயில் நேரே விழும் கூரையிலும் பொனற்றிலும் இது முதலில் தெரிவது அதனால்தான். அத்தானின் கூரையில் கண்ட தேமல் இதுவே. அது வந்துவிட்டால் எந்தப் பொலிஷும் உதவாது. மறுபடி பெயின்ற் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சிலந்தி வலை எங்கே இருக்கிறது?

இரவில், கீழ்த்தளத்து வாகனத் தரிப்பிடத்தில், போனின் ரோச் லைற்றைப் பொனற்றுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். லைற்றைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள், சிலந்தி வலை போல. இவற்றைச் சுழல்கீறல் என்று வைத்துக்கொள்வோம். வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பி, நேர்கோட்டில் துடைத்தால் தப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

லைற்றை மெதுவாக ஓர் அடி நகர்த்துங்கள். வலையும் கூடவே நகரும்! பெயின்றில் பதிந்த வட்டம் என்றால் அது எப்படி இடம் மாறும்? அங்கே உண்மையில் இருப்பவை எல்லாத் திசையிலும் ஓடும் ஆயிரக்கணக்கான நேர்க் கீறல்கள். அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்கே விழுந்தவை மட்டும் மின்னுகின்றன, மற்றவை மறைந்துவிடுகின்றன. மின்னியவற்றைக் கண் வட்டமாகச் சேர்த்துக்கொள்கிறது. பல வருடம் தும்பு போட்டுத் தேய்த்த சில்வர் தட்டை லைற்றுக்குக் கீழே பிடித்தாலும் இதே வலை தெரியும். வீட்டில் இருக்கும் பழைய தட்டு ஒன்றில் இப்போதே பார்க்கலாம்.

ஆகவே கேள்வி எந்தத் திசையில் துடைக்கிறோம் என்பதில் இல்லை. துணிக்கும் கிளியருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பழைய பெனியனால் காரை ஒரு துடை துடைக்கும் பழக்கம் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வாசலுக்கு வாசல் உண்டு. அக்கறையால் செய்வதுதான். ஆனால் இரவு முழுக்கப் படிந்த தூசியில் நுண்மணல் இருக்கிறது. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். அது கிளியரைவிடப் பல மடங்கு கடினம். உலர்ந்த துணி அதை அள்ளுவதில்லை, பெயின்றின் மேல் இழுத்துக்கொண்டு போகிறது. பெனியன் எத்தனை மென்மையாக இருந்தாலும் மணல் மென்மையாகாது. ஒரு காரின் சுழல்கீறல்களில் பெரும்பங்கு றோட்டில் வந்ததல்ல, வாசலில் வந்தது.

சுருக்கமாக: கிளியர் மெல்லியது, மணல் கடினமானது, உலர்துடைப்பு இரண்டையும் மோதவிடுகிறது.

பொலிஷ் உண்மையில் என்ன செய்கிறது

கீறல் என்பது ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தை நிரப்ப முடியாவிட்டால் சுற்றியுள்ள மேட்டை வெட்டி மட்டமாக்க வேண்டும். பொலிஷ் செய்வது அந்த வெட்டுத்தான். அதற்குள் அலுமினியம் ஒக்சைட் போன்ற மிக நுண்ணிய, கடினமான துகள்கள் இருக்கின்றன. அவை பழைய கீறலின் கரையைத் தேய்த்து இறக்கி, அதற்குப் பதிலாகத் தம்முடைய இன்னும் மெல்லிய கீறல்களை விட்டுச் செல்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோன் வரை. கீறல்கள் அந்த அளவை விடவும் நன்றாகச் சிறுத்துவிட்டால் வெளிச்சத்தை அவற்றால் பெரிதாகச் சிதறடிக்க முடியாது. கண்ணுக்கு மேற்பரப்பு கண்ணாடியாகிவிடும்.

பருமனான துகள் உள்ளதைக் கொம்பவுண்ட் என்பார்கள். நுண்ணியதைப் பொலிஷ் என்பார்கள். கட் அன்ட் பொலிஷ் என்ற பெயரில் வரும் கட் என்பது கொம்பவுண்டால் வெட்டுவது. மெல்லிய பொலிஷ் ஒரு தடவை போட்டால் ஒரு மைக்ரோனை ஒட்டிப் போகும். கொம்பவுண்டை மெஷினில் பூட்டிப் பலமாக அழுத்தினால் அதைப் போலப் பல மடங்கு போகும். கையில் இருப்பது 35 முதல் 50 மைக்ரோன், அதையும் முழுதாகச் செலவழிக்க முடியாது. வருடத்துக்கு இரண்டு கட் என்றால் எத்தனை வருடம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் மாட்டினால் அது பொலிஷால் போகும் ஆழமல்ல. அதை முற்றாக எடுக்க நினைத்துத் தேய்த்தால் கிளியர் தீர்ந்துவிடும். அந்தக் கீறலோடு வாழப் பழகுவதே புத்தி.

மெழுகு, சீலண்ட், செரமிக், மண்ணெண்ணெய்

மேட்டை வெட்டி முடிந்த பின் மேலே ஒரு காவல் வேண்டும். வக்ஸ் என்பது மெழுகு. அதில் பெயர் பெற்ற கார்னோபா, பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையில் இருந்து எடுப்பது. நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களுக்கு மேல் நின்று பிடிக்காது. சீலண்ட் என்பது அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பூச்சு, சில மாதம் நிற்கும். செரமிக் கோட்டிங் சிலிக்கா அடிப்படையிலான திரவம், காய்ந்து கிளியரோடு இறுகப் பிடித்து ஒரு வருடம், அதற்கு மேலும் நிற்கக்கூடியது. போத்தலில் போட்டிருக்கும் 9எச் என்ற அளவு பென்சில் கூரால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதைக் கண்டு மணலும் கீறாது என்று எண்ணவேண்டாம், மணல் கீறும். மூன்றுமே தண்ணீரை முத்து முத்தாக உருட்டும், அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும். கீறலை ஒன்றும் எடுக்காது. சுழல்கீறலுக்கு மேல் கோட்டிங் போட்டால் சுழல்கீறலுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும், அவ்வளவுதான்.

எங்கள் மாடியில் இருக்கும் அண்ணை ஒருவர் அன்போடு சொல்வார், "தம்பி, வாளித் தண்ணிக்குள்ள ரெண்டு மூடி மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சுப் பாரும், கண்ணாடி மாதிரி வரும்." வரத்தான் செய்யும். கறுப்புக் கல்லில் தண்ணீர் செய்ததை இங்கே எண்ணெய்ப் படலம் செய்கிறது, கீறல்களை நிரவுகிறது. ஆனால் அந்தப் படலத்தில் அன்று பகலே தூசி ஒட்டும். மறுநாள் அதை உலர்துணியால் துடைப்பார்கள். புதுக் கீறல் வரும். இருந்த மெழுகும் கரைந்துபோகும், யன்னல் றபர்களும் நாளடைவில் ஊதிக் கெடும். சில கடைப் பொலிஷ்களிலும் இப்படிக் கீறலை மறைக்கும் எண்ணெய்கள் உண்டு. வேலை முடிந்த இடத்தை, எண்ணெயைக் கரைத்து எடுக்கும் ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி ரோச் அடித்துப் பாருங்கள். கீறல் திரும்பி வந்தால் அது மறைந்திருந்தது மட்டுமே.

நினைவில் வைக்க: பொலிஷ் எடுப்பது, வக்ஸும் சீலண்டும் செரமிக்கும் போடுவது, மண்ணெண்ணெய் ஏமாற்றுவது.

வீட்டில் செய்யும்போது

வெயில் படாத இடம், கை வைத்தால் குளிர்ந்திருக்கும் தகரம். இந்த இரண்டும் இல்லாமல் தொடங்கக் கூடாது. சூடான பொனற்றில் பொலிஷ் காய்ந்து பிசினாகிவிடும்.

காரைக் கழுவிய பின், மெல்லிய சொப்பிங் பை ஒன்றுக்குள் கையை விட்டு, ஈரமான பெயின்றின் மேல் தடவுங்கள். வெறுங்கைக்கு வழுவழுப்பாக இருந்த இடம் பைக்குள்ளிருந்து உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடற்கரை றெயில் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது நிச்சயம் தெரியும். தண்டவாளத்தில் இருந்தும் பிறேக்கில் இருந்தும் பறக்கும் இரும்புத் தூள் பெயின்றில் குத்தி நிற்கிறது, அதன் மேல் கடல் உப்பு. கழுவினால் போகாத இவற்றை எடுக்கக் களிமண் போலப் பிசையக்கூடிய கட்டி ஒன்று விற்கிறார்கள், கிளே பார் என்று கேட்டால் தெரியும். ஷம்பூத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல், சொரசொரப்பு அடங்கும்வரை வழுக்கவிட வேண்டும். கட்டியை அடிக்கடி மடித்துப் புது முகத்தைத் திருப்புங்கள். அதுவும் கொஞ்சம் கீறும் என்பதால் பொலிஷ் போட நினைக்கும் நாளில் மட்டும் பாவிப்பது நல்லது.

அடுத்து, பொனற்றில் ஓர் அடிச் சதுரம் மட்டும். கையிலுள்ளவற்றில் மிக மெல்லிய பொலிஷ், மிக மென்மையான பஞ்சு. அதிலேயே கண்ணுக்குப் போதுமான அளவு தெளிந்தால் முழுக் காருக்கும் அதுவே போதும். தெளியாவிட்டால் ஒரு படி கடினமானதுக்குப் போகலாம். எடுத்த எடுப்பில் கொம்பவுண்டைத் தொடுவது, தலையிடிக்கு ஒப்பரேசன் செய்வது போன்றது. எனக்கு இந்த ஒன்றை மட்டும் எல்லாருக்கும் கையைப் பிடித்துச் சொல்ல ஆசை.

கையால் செய்யலாம். தோள் நோகும், ஒரு கதவுக்கே அரை மணித்தியாலம் பிடிக்கும், ஆனால் பெயின்றை எரிக்க மாட்டீர்கள். மெஷின் வாங்குவதாக இருந்தால் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் இரட்டை அசைவு வகையைத் தேடுங்கள். ஒரே அச்சில் சுழலும் வகை ஓரிடத்தில் சூட்டைக் குவித்து, விளிம்புகளில் கிளியரை நொடியில் தின்றுவிடும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ற் இயல்பாகவே மெல்லியது. அவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் கார் என்றால் விற்பனைக்கு முன் எத்தனை முறை பொலிஷ் கண்டிருக்கும் என்று தெரியாது. இன்னும் நிதானம் வேண்டும்.

மிச்சமெல்லாம் கழுவுவதில்

பொலிஷ் வருடத்தில் ஒரு நாள், அதுவும் தேவைப்பட்டால். கழுவுவது வாரா வாரம். அத்தான் அந்த ஒரு நாளில் செலவழித்த காசுக்கு மற்ற நாட்களில் ஒரு வாளி கூடுதலாக வைத்திருந்தால் போதும்.

இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் காரின் மேல் தண்ணீரை ஊற்றித் தளர்ந்த மணலை ஓடவிடுங்கள். பிறகு மைக்ரோபைபர் கையுறையைச் ஷம்பூவில் நனைத்து, கூரையில் இருந்து கீழ்நோக்கி ஒரு பகுதியைக் கழுவி, உடனே வெறும் தண்ணீர் வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷம்பூவுக்குள் விட வேண்டும். முடிந்ததும் இரண்டாவது வாளியின் அடியைப் பாருங்கள். விரல் வைத்தால் நறநறக்கும். ஒரே வாளியில் கழுவியிருந்தால் அத்தனையும் திரும்பத் திரும்பக் கதவில் ஏறியிருக்கும். கதவின் கீழ்ப் பகுதியையும் ரயரையும் கடைசியாக, வேறு துணியால்.

உடுப்புத் தோய்க்கும் தூளும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம், இருக்கிற மெழுகைக் கழுவிவிடும். மாடி வீடுகளில் குழாய் பிடிக்க இடமில்லாதவர்களுக்கு, அலசத் தேவையில்லாத ஷம்பூ வகை உண்டு. ஒரு வாளியும் ஏழெட்டுத் துணியும் போதும். ஒவ்வொரு பகுதிக்கும் துணியின் புது முகம். சேறு படிந்த காருக்கு மட்டும் அது சரிவராது.

தண்ணீரைத் தானாகக் காயவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் துளி காய்ந்த இடத்தில் வெள்ளை வளையமாக நின்றுவிடும், வெயிலில் இன்னும் மோசம். பெரிய மைக்ரோபைபர் துவாயை விரித்துப் போட்டு, மெதுவாக ஒற்றி எடுங்கள்.

காகத்தின் எச்சம் இந்த நகரத்தில் தப்பமுடியாத ஒன்று. வெயில் ஏறினால் அது கிளியரைத் தின்று நிழல் போல ஒரு தழும்பை விட்டுவிடும். அதைக் கண்ட உடனே காய்ந்த கடதாசியால் சுரண்டுவது இன்னும் பெரிய பிழை, அதற்குள்ளும் விதையும் மணலும் இருக்கின்றன. ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு துணியும் காருக்குள் எப்போதும் இருக்கட்டும். நனைந்த துணியை எச்சத்தின் மேல் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள், ஊறியதும் தானாகக் கழன்று வரும். அந்தத் துணி கைதவறி நிலத்தில் விழுந்தால், எத்தனை உதறினாலும், அதைத் தோய்க்கும்வரை மறுபடி காரில் வைக்காதீர்கள்.